பன்னிரண்டு பேருக்கு மஞ்சள் மாத்திரை

உங்கள் அலுவலகத்துக் கோப்பி நன்றாக இருக்கிறது டாக்டர். சீனிதான் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, எனக்குச் சீனி ஆகும், உப்புதான் ஆகாது. காஹாங்கிலிருந்து தெப்ராவுக்கு எத்தனை பஸ் மாற வேண்டுமோ என்று கவலையாக இருந்தது. நீங்கள் காரையே அனுப்பிவிட்டீர்கள். டிரைவர் தம்பி என்னை முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டையும் மாட்டிவிட்டு, வழியெல்லாம் பழைய பாட்டாகப் போட்டுக்கொண்டு வந்தார். தப்புச் செய்தவனை இவ்வளவு மரியாதையாகக் கூட்டி வந்தால் யார்தான் தப்புச் செய்ய மாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேசைமேல் மூன்று காகிதம் வைத்திருக்கிறீர்கள். மூன்றிலும் ஒரே ஐசி கார்டு நம்பர், ஒரே பெயர், காளியப்பன். முதல் காகிதம் பதிவு இலாகாவிலிருந்து வந்தது. பிப்ரவரி பதினைந்தாம் தேதி காளியப்பன் இறந்துவிட்டான் என்கிறது. இரண்டாவது ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர் காகிதம். இருபதாம் தேதி காளியப்பன் பெயருக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது, அவனுடைய நீலப் புத்தகத்தின் பக்கம். இருபத்தாறாம் தேதிவரை காளியப்பன் தினமும் எடை பார்த்திருக்கிறான். கால் வீக்கம் இல்லை. ஒரே தலையணை வைத்துப் படுத்திருக்கிறான். மாரியம்மன் கோயில்வரை நடந்து போய் வந்திருக்கிறான். செத்துப் பதினோரு நாள் ஆன ஆளுக்கு இது நல்ல முன்னேற்றம்தான்.

"அங்கிள், வெள்ளிக்கிழமை நான் ரிசல்ட்ட மேலிடத்துக்கு அனுப்பணும். மஞ்சள் மாத்திரை எல்லாருக்கும் உண்டா இல்லையான்னு அத வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. இந்தப் புத்தகம் பொய்னா, நான் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டி வரும்" என்றீர்கள். இரண்டு வருஷ உழைப்பு. எனக்குப் புரிகிறது. அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவசரப்பட்டு எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

என்னைப் பற்றி உங்கள் கணினியில் இரண்டு வரி இருக்கும். பெயர் கமலநாதன், வயது எழுபத்தாறு. இருதயம் பலவீனம், காலிலும் நெஞ்சிலும் நீர் கோத்துக்கொள்ளும். இன்னொரு வரி அதில் இருக்காது. முப்பத்தெட்டு வருஷம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவன் நான். விடியும் முன்பே பெரட்டுக்களத்தில் ஆள்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, செக்ரோல் என்கிற வருகைப் பேரேட்டில் பதிகிறவன். செக்ரோலில் நான் ஒரு கோடு போட்டால் அந்த ஆள் வேலைக்கு வந்தவன். போடாவிட்டால், என் மூக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாலும் அவன் வரவில்லை. ஒருமுறை ஒரு ஆளை மாதம் முழுக்க லீவு என்று தவறிப் பதிந்துவிட்டேன். மாதக் கடைசியில் அவனே வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "ஐயா, நான் எங்க போயிருந்தேன்?" என்று கேட்டான். லாபிஸ் பக்கம் அக்காள் வீட்டுக்கு என்றேன். "அதானே பாத்தேன்" என்று திருப்தியாகப் போனான்.

இப்படிப்பட்ட ஜனங்களிடம்தான் நீங்கள் நீலப் புத்தகத்தைக் கொடுத்தீர்கள்.

எங்கள் ஊர் மண்டபத்தில் நீங்கள் வந்து பேசிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உப்பில்லாத நாசி லெமாக் சோறு கொடுத்தீர்கள். அதை மறக்க முடியாது. "பெரிய ஆராய்ச்சியில எல்லாம் பொறுக்கி எடுத்த ஆளுங்களுக்குத்தான் மாத்திரை கொடுத்துப் பாப்பாங்க. கருவாடு சாப்பிடறவங்க, மாத்திரைய மறக்கறவங்க, வயசானவங்க, இவங்களுக்கு எது ஒத்துக்குதுன்னு யாரும் பாக்கறதில்ல. நாம அன்றாட வாழ்க்கையில எது வேலை செய்யுதுன்னு பாக்கப் போறோம்" என்றீர்கள். பழைய மாத்திரை வெள்ளை. புதிய மாத்திரை மஞ்சள். கிளினிக்கில் மொத்தம் அறுபது பேர். மஞ்சள், பன்னிரண்டு பேருக்கு மட்டும்தான் வரும். முடிவு நன்றாக வந்தால் அறுபது பேருக்கும் மஞ்சள்.

நாலு இடத்திலிருந்து தகவல் எடுப்போம் என்று விரல் விட்டு எண்ணினீர்கள். ஆஸ்பத்திரிக் கணினி, மருந்துக் கவுண்டர், பதிவு இலாகா, வீட்டில் எழுதும் நீலப் புத்தகம். நான் அங்கேயே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கணினி ஒரு மனுஷனை வருஷத்துக்கு மூன்று நாலு தடவை பார்க்கிறது. மருந்துக் கவுண்டருக்கு அவன் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோனான் என்று தெரியும், விழுங்கினானா என்று தெரியாது. பதிவு இலாகாவுக்கு அவனுடைய கடைசி நாள் மட்டும்தான் தெரியும். மிச்ச நாளெல்லாம் அவன் எப்படி இருந்தான் என்பது நீலப் புத்தகத்தில்தான். எடை, கால் வீக்கம், எத்தனை தலையணை, எவ்வளவு நடை. நாலு கட்டம், ஒவ்வொரு நாளும். செக்ரோல் மாதிரியே இருந்தது. கை பரபரத்தது எனக்கு.

காஹாங் பக்கத்தில் மட்டும் பதினான்கு பேர். யாருக்கும் எழுத உட்காரப் பொறுமை கிடையாது. நீங்கள் கொடுத்த எடை மெஷினில் சூசையம்மாள் கோழி நிறுத்துக்கொண்டிருந்தாள். காளியப்பன் தன் மெஷினிலிருந்து பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டுவிட்டான். ஒரு வாரம் பார்த்தேன். பதினான்கு புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லி நானே எழுத ஆரம்பித்தேன். திங்களும் வியாழனும் பக்கங்களைப் படம் பிடித்து, உங்கள் கிளினிக் நர்ஸ் சந்திரமதி மிஸ்ஸிக்கு அனுப்புவேன். "அங்கிள், காஹாங் புத்தகம் மாதிரி சுத்தமா எங்கயும் வரல" என்று அந்த மிஸ்ஸி என்னைப் பாராட்டாத வாரம் இல்லை.

எல்லாரையும் நிறுத்துப் பார்த்துத்தான் எழுதினேனா என்று கேட்காதீர்கள். எனக்கு ஆளைப் பார்த்தால் எடை தெரியும். ஒரு சமயம் காட்டுயானை ஒன்று எங்கள் தோட்டத்துச் செம்பனைக் கன்றுகளைத் தின்ன வந்தது. இரண்டாயிரத்து எழுநூற்று முப்பது கிலோ என்றேன். வனவிலங்கு இலாகா ஆட்கள் அதைப் பிடித்து லாரியோடு நிறுத்தார்கள். மூன்று கிலோ குறைவாக இருந்தது. போகிற வழியில் அது சாணி போட்டதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

புத்தகத்தில் எழுதுவது சும்மா இல்லை என்று சூசையம்மாள் விஷயத்தில்தான் தெரிந்துகொண்டேன். அவள் புருஷனின் குறட்டைக்குத் தடுப்பாகச் சுவர் மாதிரி ஐந்து தலையணை அடுக்கிப் படுக்கிறவள். கட்டத்தில் எத்தனை தலையணை என்று கேட்டிருந்தது. ஐந்து என்று எழுதினேன், உண்மைதானே. மறுநாளே மிஸ்ஸி போன் போட்டு, மூச்சுத் திணறுகிறதா, உடனே வா என்று வேன் அனுப்பி, ஊசி குத்தி, படம் எடுத்து, இரண்டு நாள் வார்டில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அவள் திரும்பி வந்து என் வாசலில் நின்று, "கிராணியாரே, என் தலையணைய எண்ண ஒங்கள யாரு கூப்பிட்டா?" என்று கேட்ட கேள்வியை நான் இங்கே முழுசாகச் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குப் புரிந்தது. புத்தகம் மோசம் என்று சொன்னால் வேன் வரும். புத்தகம் நல்லாயிருக்கிறது என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். "ஒங்க பதினாலு புத்தகத்துல பன்னிரண்டுல, எடையோட கடைசில எட்டுங்கற எண்ணே வரல அங்கிள். ஆயிரக்கணக்கான நாள்ல ஒரு எட்டுகூட இல்ல. கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்துருச்சு." கெட்டிக்காரக் கம்ப்யூட்டர். எட்டு சனீஸ்வரனுடைய எண் டாக்டர். தராசு காட்டினால் எழுதத்தான் வேண்டும். நானாக யோசித்து எழுதும்போது அடுத்தவர் உடம்பில் எட்டைப் போட எனக்கு மனசு வராது. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் விட்டேன்.

"ரெண்டு புத்தகத்துல மட்டும் எட்டு சரியான அளவுல இருக்கு. ஒங்களோடது, காளியப்பனோடது. அந்த ரெண்டும்தான் நெஜமா நிறுத்து எழுதினதுன்னு நெனச்சேன்" என்றீர்கள். நீங்கள் நினைத்தது சரி. அந்த இரண்டிலும் இருக்கும் எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. தினமும் காலையில் காளியப்பன் என் வீட்டுக்கு வருவான். என் மெஷினில் அவன் ஏறுவான், பிறகு நான் ஏறுவேன். தராசு காட்டியதை அப்படியே எழுதினேன். தீபாவளிக்குப் பிறகு எந்த எடையை எந்தப் புத்தகத்தில் எழுதினேன் என்பது மட்டும்தான் கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம்.

காளியப்பன் என் கீழே செம்பனைக் குலை வெட்டினவன். எழுபத்தோரு வயது. பக்கத்து வரிசை வீடு. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஐயாதான். பன்னிரண்டு பேர் பட்டியலில் அவன் பன்னிரண்டாவது. நான் பதிமூன்றாவது. சந்திரமதி மிஸ்ஸிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஐயோ அலமாக், அங்கிள், ஒரே ஒரு எடத்துல தவறிட்டீங்க. காளியப்பன் அங்கிள் ரெண்டு தடவ வார்டுல படுத்து எழுந்தாரு. அதனால அவருக்கு மொதல்ல." எனக்கு வருத்தமே இல்லை என்றேன். நல்லது, நம்ம ஆள்தானே என்றேன். அவனுக்கு மாத்திரை வாங்கி வருவதும் நான்தான். கிளினிக் கார்டை என்னிடம் கொடுத்துவிடுவான். ஏழு கிழமைக்கும் ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக் கொடுப்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவான்.

ஆனால் அவனுடைய வாய் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது. சம்பாலில் கருவாடு, கஞ்சிக்குக் கருவாடு, சும்மா இருக்கும்போதும் கையில் ஒரு துண்டு கருவாடு. "டேய், மாத்திரை ஒரு பக்கம் நீர இறைக்குது, நீ ஒரு பக்கம் ஊத்தறியே" என்பேன்.

"நாக்கு செத்துப்போன பெறகு இருதயம் மட்டும் ஓடி என்னய்யா செய்யறது? அது தனியா எங்க போகும்?" என்று சிரிப்பான்.

மண்டபத்தில் நீங்கள் கடைசியாக ஒரு விஷயம் சொன்னீர்கள் டாக்டர். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். நான் மனசில் வாங்கிக்கொண்டேன். "நோய் முத்தினவங்களுக்கே மஞ்சள் மாத்திரை போகுது. அவங்க சீக்கிரம் போயிட்டா, மாத்திரதான் கொன்ன மாதிரி கணக்குல தெரியும். அதுல கவனமா இருக்கணும்" என்றீர்கள். நல்ல மாத்திரை ஒன்று, கருவாடு தின்கிறவன் வயிற்றுக்குள் போய்க் கெட்ட பெயர் எடுக்கப் போகிறது. அவன் ஒருவன் செத்தால் போதும், மஞ்சள் கணக்கில் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளியால் நாற்பத்தெட்டுப் பேருக்கு மாத்திரை வராமல் போகும். நீங்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னீர்கள். யார் இருப்பது, எப்படி இருப்பது என்று சொல்லவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். முதல் மாதம் மஞ்சளை அவன்தான் சாப்பிட்டான். நல்ல குணம் தெரிந்தது. வீக்கம் வடிந்து, கணுக்கால் எலும்பு வெளியே வந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், மாரியம்மன் கோயில்வரை நடந்து போய்த் திரும்பினான். என் வாசலில் நின்று, மூச்சு வாங்காமல், "பாத்தீங்களாய்யா, குதிர மாதிரி" என்றான். நான் அப்போது மூன்று தலையணை வைத்து நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அவனைப் பார்த்த பிறகுதான் இது வேலை செய்கிற மாத்திரை என்று எனக்கு உறுதியானது.

அதற்கடுத்த மாதத்திலிருந்து அவன் டப்பாவில் வெள்ளையைப் போட்டேன். என் வெள்ளைதான். அவனைப் பட்டினி போடவில்லை, பாருங்கள். கிளினிக்கில் நாற்பத்தெட்டுப் பேர் அதைச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள். மஞ்சளை நான் சாப்பிட்டேன். நான் உப்பைத் தொடாதவன். வேளை தவறாதவன். ஒரு மருந்துக்கு ஒரு நல்ல வாய்ப்புக் கிடைக்க வேண்டாமா?

ஒரே ஒரு தடவை கேட்டான். "என்னய்யா, மஞ்சளா இருந்துச்சு, இப்ப வெள்ளையா இருக்கு?"

"கம்பெனி மாத்திட்டான்."

"ஓ. நல்லாத்தான் வெளுத்திருக்கு" என்று சொல்லி விழுங்கினான். அவ்வளவுதான். கிராணி சொன்னால் சொன்னதுதான். அப்படிப் பழக்கியவனும் நான்தானே.

மாத்திரையை மாற்றிய பிறகு புத்தகத்தை மாற்றாமல் இருப்பது முறை இல்லை. காளியப்பன் புத்தகம் மஞ்சள் புத்தகம். மஞ்சள் சாப்பிடுகிறவன் எடைதான் அதில் வர வேண்டும். அதனால் என் எடையை அதில் எழுதினேன். வெள்ளை சாப்பிட்ட அவனுடைய எடையை என் புத்தகத்தில் எழுதினேன். நல்ல வேளையாக இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே எடை. அவன் உயரத்தில் வைத்திருந்தான், நான் அகலத்தில் வைத்திருந்தேன். மாத்திரைக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு ஒரு நாள்கூடத் தவறவில்லை. மஞ்சள் புத்தகம் அழகாக இருந்தது. ஜனவரியில் மிஸ்ஸி காளியப்பனுக்குப் போன் போட்டு, "அங்கிள், புத்தகம் ரொம்ப நல்லா இருக்கு, இந்த மாசம் கிளினிக் வர வேணாம், மார்ச்ல வந்தா போதும்" என்று சொன்னார். அவனுக்குச் சந்தோஷம். கருவாடு வாங்கப் போனான்.

அந்தச் சமயத்தில் அவனுக்குக் காலில் வீக்கம் திரும்ப ஆரம்பித்திருந்தது. "ஐயா, காலு சப்பாத்துக்குள்ள போக மாட்டேங்குது" என்றான்.

"மழையில நனைஞ்சா சப்பாத்து சுருங்கும்டா."

"ரெண்டுமா சுருங்கும்?"

"ஒரே கடையில வாங்கினதுதானே."

சிரித்தான். மறுநாளிலிருந்து சிலிப்பரோடு வந்தான்.

இனிமேல் சொல்வதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள் டாக்டர். தைப்பூசம் முடிந்த வியாழக்கிழமை. திங்கட்கிழமை அறுபத்தேழு புள்ளி எட்டு இருந்தவன், வியாழன் காலை மெஷினில் ஏறினான், எழுபத்தொன்று புள்ளி நாலு. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே கூப்பிட வேண்டும் என்று புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பில் போட்டிருக்கிறீர்கள். அவன் ஏறியிருப்பது மூன்றரைக் கிலோவுக்கு மேல். நான் மறைக்கவில்லை. தராசு காட்டியதை எழுதி, படம் பிடித்து, மிஸ்ஸிக்கு அனுப்பினேன். என் புத்தகத்தில்.

பத்து நிமிஷம் ஆகவில்லை, என் போன் அடித்தது. காளியப்பன் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசி முடிப்பதற்குள் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"அங்கிள், மூணு நாள்ல எடை இவ்ளோ ஏறியிருக்கு. நீர் கோத்துக்கிட்டிருக்கு அங்கிள். இப்பவே வார்டுக்கு வாங்க. வேன் அனுப்பவா?" என்று சந்திரமதி மிஸ்ஸி கத்தினார்.

"வேணாம் மிஸ்ஸி, நானே வர்றேன்" என்றேன்.

போனை வைத்தேன். "யாருய்யா?" என்றான் காளியப்பன்.

"மிஸ்ஸிதான். என்னை வரச் சொல்றாங்க. எடை ஏறிடுச்சாம்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "பாக்க நல்லாத்தான் இருக்கீங்க. ஆனா அவங்க சொன்னா போயிடணும்யா. ஒடம்பு முக்கியம்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "தனியாப் போகாதீங்க. நான் வேணும்னா கூட வர்றேன்" என்று எழுந்து நின்றான். பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். ஆனாலும் நின்றான்.

அவன் என்னோடு வந்திருந்தால் மிஸ்ஸி பார்த்த மாத்திரத்தில் அவனைப் படுக்க வைத்திருப்பார். மஞ்சள் சாப்பிடுகிற காளியப்பன் இந்த நிலைமையில் வந்தான் என்று ஆஸ்பத்திரிக் கணினியில் ஏறியிருக்கும். அது பொய்த் தகவல் ஆகியிருக்கும் டாக்டர். உங்கள் ஆராய்ச்சிக்கே கேடு.

"வேண்டாம்டா, நீ வீட்டுல படு" என்றேன். "சரிங்கய்யா" என்று உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை காலை நான் போனேன். வரச் சொன்னால் போக வேண்டும், அதில் நான் ஒழுங்கு. அவர்கள் மெஷினில் ஏற்றினார்கள், அறுபத்தைந்து புள்ளி ஒன்பது. நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்கள், சுத்தம். மிஸ்ஸிக்கு உயிரே வந்தது. "பயந்தே போயிட்டேன் அங்கிள். ஒங்க மெஷின்தான் கோளாறு" என்று சொல்லி, இரண்டு புது பேட்டரி கொடுத்து அனுப்பினார். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் அன்போடு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

சனிக்கிழமை காலை காளியப்பன் எடை பார்க்க வரவில்லை. அவன் பெண்சாதி ராஜம்மாதான் வந்தாள்.

சாவு வீட்டு வேலையெல்லாம் நான்தான் முன்னால் நின்று பார்த்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சாவைப் பதிந்தது நான். பூ சொல்லிவிட்டது நான். ராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவங்ககூட இப்படிப் பாக்கலைங்கய்யா. கடைசி வரைக்கும் மாத்திரையக்கூட நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க" என்று அழுதாள். கிளினிக்குக்கு நான் சொல்லிவிடுகிறேன், அவன் கார்டைக் கொடு, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். கவுண்டரில் கார்டை நீட்டியதும் அந்தப் பெண் பேசவே விடாமல் மாத்திரையைக் கொடுத்துவிட்டாள். மருந்தை வீணாக்கக்கூடாது.

அவன் செத்த அன்றோடு என் புத்தகத்தை நிறுத்திவிட்டேன். அது அவன் உடம்பின் கணக்கு. உடம்பு போன பிறகு எதை எழுதுவது? ஏன் எழுதவில்லை என்று மிஸ்ஸி கேட்டபோது கை வலி என்று சொன்னேன். அவன் பெயரில் இருந்த புத்தகத்தைத் தொடர்ந்து எழுதினேன், அந்த உடம்பு நன்றாக இருந்ததால். ஒரே தலையணை. கோயில்வரை நடை. மூச்சு வாங்கவில்லை. அது வேலை செய்கிற மாத்திரை டாக்டர், சந்தேகமே வேண்டாம். பதிவு இலாகாக் காகிதம் இவ்வளவு சீக்கிரம் உங்கள் கணினிக்குள் வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் காலத்தில் ஒரு ஆள் செத்தது மேலிடத்துக்குத் தெரிய மூன்று மாதம் ஆகும்.

நீங்கள் கோப்பியைத் தொடவே இல்லை. ஆறிவிட்டது.

என்னைப் பற்றி என்ன எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவன் மாத்திரையை எடுத்தது நான். அவனுக்கு வந்த போனை எனக்கு வந்ததாகச் சொன்னது நான். எழுந்து நின்றவனை உட்கார வைத்ததும் நான். கொன்றான் என்று எழுதுவதாக இருந்தாலும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஆத்திரத்தில் அந்த இரண்டு புத்தகத்தைக் கழித்துவிடாதீர்கள். ஒரே வரிசையில் வீடு. ஒரே எடை. ஒரே தராசு. ஒருவன் வெள்ளை, ஒருவன் மஞ்சள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல ஜோடி உங்களுக்கு எந்த ஊரிலும் கிடைக்காது. மஞ்சள் சாப்பிட்டவன் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, இரண்டு புத்தகத்தின் அட்டையை மாற்றினால் போதும். காளியப்பனை வெள்ளைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.